மீன் வளரும் நீரில் மாடி முளைக்கிறது

கொல்கத்தாவின் கழிவுநீரைச் சுத்தம் செய்து மீனாகவும் காய்கறியாகவும் திருப்பித் தருகிறது கிழக்குச் சதுப்பு நிலம். சட்டம் அதன் எல்லையைக் காக்கிறது. உள்ளே நடக்கும் தொழிலை யார் காப்பது?

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பிலுள்ள பாமன்காட்டா, சௌபாகா மீன் சந்தைகளில் அதற்குள் ஏலம் சூடு பிடித்துவிடுகிறது. இருட்டோடு நீரில் இறங்கி வலை இழுத்தவர்கள் அலுமினிய அண்டாக்களில் ரோகுவையும் கட்லாவையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஏலக்காரர் விலை கூவுகிறார். எடுத்த சரக்கைச் சைக்கிளிலும் வேனிலும் ஏற்றிக்கொண்டு சில்லறை வியாபாரிகள் நகரத்தை நோக்கி விரைகிறார்கள். பொழுது நன்றாக விடிவதற்குள் தெருமுனைச் சந்தைகளில் மீன் துள்ளிக்கொண்டிருக்கும். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் இது அன்றாடக் காட்சி.

அந்த மீன்கள் எதைத் தின்று வளர்ந்தன என்பதுதான் விசேஷம். நகரத்து வீடுகளின் குளியலறை, சமையலறை, கழிவறைகளிலிருந்து வெளியேறிய நீரில் பிறந்த பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்றுதான் அவை கொழுத்தன. கொல்கத்தாவின் கழிவுநீரில் கணிசமான பகுதிக்கு இயந்திரம் வைத்த சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. கிழக்கே 125 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கும் குளங்களும் வயல்களும் வாய்க்கால்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இந்தப் பரப்பு கொல்கத்தா மாநகராட்சியின் பரப்பில் பாதிக்கும் மேல். நகரின் மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இவ்வளவு பெரிய நிலம் தண்ணீராகக் கிடப்பது வீடு கட்டி விற்பவர்களின் கண்ணை உறுத்தாமல் இருக்குமா?

உறுத்துகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சதுப்பு நிலத்தை நகரம் மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்று வந்திருக்கிறது. தடுக்க நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, சர்வதேச அங்கீகாரம் இருக்கிறது, தனிச் சட்டமே இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு தண்ணீர் இருந்த இடத்தில் சுவர் எழும்புகிறது.

கிழக்கே சாயும் ஊர்

கொல்கத்தாவின் நில அமைப்பு வினோதமானது. மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. ஆனால் தரை ஆற்றை நோக்கிச் சாயவில்லை. ஆற்றங்கரை மேடாகவும் கிழக்குப் பக்கம் பள்ளமாகவும் இருக்கிறது. அதனால் ஊரின் மழைநீரும் கழிவுநீரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிவிட்டுக் கிழக்கே ஓடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பொறியாளர்கள் நகருக்குப் பாதாளச் சாக்கடை அமைத்தபோதும் இந்தச் சரிவையே நம்பினார்கள்.

அந்தக் காலத்தில் கிழக்கே இருந்தவை உப்பு நீர் ஏரிகள். கடலின் ஏற்ற இறக்கத்தோடு பித்யாதரி ஆறு உவர்நீரைக் கொண்டுவந்து நிரப்பும். அதில் உவர்நீர் மீன்கள் வளரும். காலப்போக்கில் பித்யாதரி மண் மூடித் தூர்ந்தது. 1928ல் அது செத்துப்போன ஆறு என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. கடல் நீர் வரவில்லை. வந்து சேர்ந்தது நகரத்தின் சாக்கடை மட்டுமே.

வேறொரு ஊராக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். இங்கே 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மீன் வளர்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். கழிவுநீரை அளவோடு குளத்தில் விட்டு, வெயிலில் சில நாள் காயவைத்தால் அதில் நன்னீர் மீன் செழித்து வளர்கிறது. தீனிச் செலவும் இல்லை. இது எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லிக் கொடுத்ததல்ல. தோற்றுத் தோற்றுக் கற்ற தொழில். 1943ல் மாநகராட்சிப் பொறியாளர் பி.என். டே வகுத்த திட்டத்தின்படி கழிவுநீர் நெடிய வாய்க்கால்கள் வழியாகக் கிழக்கே குல்டி ஆற்றுக்குத் திருப்பப்பட்டது. வழி நெடுகிலும் குளக்காரர்கள் அதிலிருந்து கிளை வாய்க்கால் வெட்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளூரில் இந்தக் குளங்களுக்குப் பேரி என்று பெயர். குளம் என்று சொன்னாலும் சில பேரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்தவை. ஆனால் ஆழம் பெரும்பாலும் ஓர் ஆளின் மார்பளவைத் தாண்டாது. எல்லாச் சூட்சுமமும் இந்த ஆழக் குறைவில்தான் இருக்கிறது.

வெயில் செய்யும் வேலை

ஆழம் குறைந்த நீரில் வெயில் அடிவரை பாய்கிறது. கழிவிலுள்ள அங்ககப் பொருளைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அதில் வெளிப்படும் சத்தை எடுத்துக்கொண்டு பாசி வளர்கிறது. பாசி வெளியிடும் ஆக்சிஜன் பாக்டீரியாக்களுக்குப் போகிறது. ஒன்றுக்கு மற்றொன்று கை கொடுக்கிறது. பாசி அளவுக்கு மீறினால் நீர் கெட்டுப்போகும். அதைத் தின்று அளவோடு வைத்திருப்பது மீன். நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை வெயிலிலேயே மடிந்துவிடுகின்றன. கழிவுநீரின் மாசில் பெரும் பங்கு பேரியில் குறைந்துவிடுவதையும், குடலிலிருந்து வரும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய முழுமையாக அழிந்துவிடுவதையும் பல ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன.

கரையோரம் மூங்கில் அடைத்து ஆகாயத்தாமரையை நிறுத்துகிறார்கள். அது அலை மோதிக் கரை கரையாமல் தடுக்கிறது, வெயில் காலத்தில் மீனுக்கு நிழல் தருகிறது, நீரிலுள்ள உலோகங்களையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. பேரியிலிருந்து வெளியேறும் நீர் நெல் வயலுக்குப் போகிறது. அருகே தாபாவில் நகரத்தின் குப்பை மக்கிய மண்ணில் காலிஃபிளவரும் கீரையும் முள்ளங்கியும் விளைகின்றன. ஆக, நகரத்தின் சாக்கடையும் குப்பையும் ஒரு பக்கம் உள்ளே போய், மறுபக்கம் மீனாகவும் அரிசியாகவும் காய்கறியாகவும் திரும்பி வருகின்றன. ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் மீன் கிடைக்கிறது. சுமார் ஒரு லட்சம் பேர் இந்த நிலத்தை நம்பி வாழ்கிறார்கள்.

கொல்கத்தா இந்தியாவின் பெருநகரங்களில் சாப்பாட்டுச் செலவு குறைந்த ஊர் என்று பெயர் எடுத்ததற்கு இந்த நிலமும் ஒரு காரணம். மீனும் காய்கறியும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் வர வேண்டியதில்லை. சைக்கிளிலேயே வந்துவிடுகின்றன.

கண்டுபிடித்தவர்

மீனவர்களுக்குத் தெரிந்திருந்த இந்த ரகசியத்தை அரசுக்கும் உலகத்துக்கும் புரியவைத்தவர் துருபஜோதி கோஷ். மேற்கு வங்க அரசில் பொறியாளர். 1980களின் தொடக்கத்தில் நகரின் கழிவுநீர் கடைசியில் எங்கே போகிறது என்று ஆராயப் புறப்பட்டவர், வாய்க்காலைப் பின்தொடர்ந்து பேரிகளுக்கு வந்து சேர்ந்தார். அங்கே நடப்பதைப் பார்த்தபோது நகரம் தேடிக்கொண்டிருந்த சுத்திகரிப்பு நிலையம் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருப்பது அவருக்குப் புரிந்தது.

அடுத்து அவர் செய்தது சாதாரண வேலைதான். ஆனால் பின்னால் அதுவே இந்த நிலத்தின் உயிரைக் காத்தது. வரப்பு வரப்பாக நடந்து, எது பேரி, எது வயல், எது குப்பைத் தோட்டம் என்று குறித்து ஒரு வரைபடம் தயாரித்தார். கழிவு மறுசுழற்சிப் பகுதி என்று அதற்குப் பெயரிட்டார். ஐ.நா.வின் குளோபல் 500 விருது 1990ல் அவருக்குக் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் காலமாகும்வரை, இயற்கை தரும் இந்த மானியத்தில்தான் கொல்கத்தா காலம் தள்ளுகிறது என்று அவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அரசே ஆரம்பித்து வைத்தது

நிலத்தைத் தின்னும் படலத்தைத் தொடங்கியது எந்த ரியல் எஸ்டேட் கம்பெனியும் அல்ல. மாநில அரசேதான். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்தார்கள். நகரம் பிதுங்கியது. முதலமைச்சர் பிதான் சந்திர ராய் வடகிழக்கில் உப்பு ஏரிகளைத் தூர்த்து ஒரு புதிய நகரம் அமைக்கத் தீர்மானித்தார். யூகோஸ்லாவியாவின் இன்வெஸ்ட் இம்போர்ட் நிறுவனத்துக்குப் பணி தரப்பட்டது. அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் டொப்ரிவோயே தோஷ்கோவிச் நகர அமைப்பை வரைந்தார். 1962ல் வேலை தொடங்கியது. ஹூக்ளி ஆற்றின் அடியிலிருந்து வாரிய மணலையும் வண்டலையும் குழாய் வழியாகக் கொண்டுவந்து ஏரிகளில் கொட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ராய் மறைந்தார். ஏரி மேல் எழுந்த நகரத்துக்குப் பிற்பாடு பிதான்நகர் என்று பெயர் வந்தாலும் மக்கள் வாயில் இன்றும் அது சால்ட் லேக்தான்.

அன்றைய நெருக்கடியில் அது தவறான முடிவு என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இடமில்லாத மக்களுக்கு இடம் தேவைப்பட்டது. ஆனால் அது ஒரு வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டது. கிழக்கே தண்ணீர் என்றால் காலி மனை என்ற எண்ணம் வேரூன்றியது. 1980களில் ஈஸ்டர்ன் மெட்ரோபாலிடன் பைபாஸ் சாலை சதுப்பு நிலத்தின் மேற்கு ஓரமாக நீண்டது. சாலை வந்ததும் இருபுறமும் நிலத்தின் விலை ஏறியது. ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அடுக்குமாடிகளும் வரிசை கட்டின. 1990களில் வடக்கே ராஜர்ஹாட்டில் நியூ டவுன் திட்டம் பிறந்தது. மூன்று பக்கமும் நகரம் சூழ, நடுவில் நீர்.

தீர்ப்பு வந்த ஆண்டு

இந்தப் பின்னணியில்தான் சதுப்பு நிலத்தில் உலக வர்த்தக மையம் கட்ட மாநில அரசு எண்ணியது. வழக்கமாக இத்தகைய அறிவிப்புகளை நகரம் கைதட்டி வரவேற்கும். இந்த முறை போனனி கக்கர் உள்ளிட்ட நகரவாசிகள் சிலர் 'பப்ளிக்' என்ற சுருக்கப் பெயரில் தாங்கள் நடத்திய அமைப்பின் சார்பில் கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

1992 செப்டம்பரில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி தீர்ப்பளித்தார். வளர்ச்சி வேண்டும், ஆனால் சுற்றுச்சூழலைப் பலிகொடுத்து அல்ல. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கோஷின் வரைபடத்துக்குள் வரும் சதுப்பு நிலத்தைத் தூர்க்கக் கூடாது, நிலப் பயன்பாட்டை மாற்றக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. இந்தியாவில் சதுப்பு நிலப் பாதுகாப்பு குறித்த முன்னோடித் தீர்ப்புகளில் ஒன்றாக இது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அடுத்த ஆண்டே மாநிலத்தின் உள்நாட்டு மீன்வளச் சட்டமும் திருத்தப்பட்டு, ஐந்து காட்டா அளவுள்ள நீர்நிலையைக்கூடத் தூர்ப்பது குற்றமாக்கப்பட்டது.

2002 ஆகஸ்ட் 19ல் ராம்சார் அங்கீகாரம் வந்தது. ஈரானின் ராம்சார் நகரில் 1971ல் கையெழுத்தான சதுப்பு நில உடன்படிக்கையின் கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த நிலமாகக் கிழக்குக் கொல்கத்தா பட்டியலில் இடம்பெற்றது. பறவைகளுக்காக அல்ல, கழிவுநீரை மக்கள் விவேகத்தோடு பயன்படுத்தும் முறைக்காகப் புகழ்பெற்ற நிலம் என்பது இதன் தனிச் சிறப்பு. 2006ல் சட்டமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றியது. நிர்வகிக்க ஒரு மேலாண்மை ஆணையமும் அமைந்தது. மொத்தம் 12,500 ஹெக்டேர். அதில் நீர்ப்பரப்பு 5,852 ஹெக்டேர், விவசாய நிலம் 4,718, குப்பைத் தோட்டங்கள் 602, குடியிருப்புகள் 1,326. ஒவ்வொரு நிலத்துக்கும் அதன் தன்மை எழுதி வைக்கப்பட்டது. ஆணையத்தின் அனுமதியின்றித் தன்மையை மாற்றக் கூடாது. மாற்றினால் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆணையம் உத்தரவிடலாம்.

காகிதத்தில் இதைவிட உறுதியான பாதுகாப்பு பெற்ற நிலம் நாட்டில் அதிகம் இல்லை.

ஒரு பேரி சாகும் விதம்

ஆனால் நிலைமை காகிதத்தில் உள்ளபடி இல்லை. தெற்குப் பகுதியில் பகவான்பூர் போன்ற மௌஜாக்களில் நீர்ப்பரப்பு பெருமளவு மறைந்துவிட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆணையம் காவல் நிலையங்களில் புகார் மேல் புகார் கொடுத்திருக்கிறது. 2025லும் கல்கத்தா உயர்நீதிமன்றம் இந்தப் பகுதியின் சட்டவிரோதக் கட்டடங்களை ஏன் இன்னும் இடிக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரே இரவில் லாரி லாரியாக மண் கொட்டிப் பேரியை மூடுகிறார்கள் என்று நினைத்தால் அது பாதி உண்மைதான். பெரும்பாலான பேரிகள் நோயாளியைப் போல மெல்லத்தான் சாகின்றன. முதலில் வாய்க்கால் தூர்ந்து கழிவுநீர் வரத்து குறைகிறது. பேரியின் அடியிலும் வண்டல் ஏறுகிறது. அதை வாரி எடுக்க ஆகும் செலவுக்குக் கையில் காசு இல்லை. நீர் மட்டம் தாழ்கிறது, மீன் மெலிகிறது, லாபம் போகிறது. பேரியை வற்றவைத்து ஒரு போகம் நெல் போடுகிறார்கள். அப்புறம் ஒரு மூலையில் பழைய பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் கொட்டகை வருகிறது. அதைச் சுற்றிச் சுவர் எழும்புகிறது. பக்கத்தில் ஒரு கிடங்கு, ஒரு வண்டி நிறுத்துமிடம். கடைசியில் வருகிறார் புரமோட்டர். வங்காளத்தில் அடுக்குமாடி கட்டி விற்பவருக்கு இந்தப் பெயர்தான். அவர் வரும்போது அங்கே தண்ணீரே இருக்காது. தண்ணீர் இல்லாத சதுப்பு நிலத்தைக் காப்பாற்றச் சொல்லி யார் போராடுவார்கள்?

இந்த வரிசையில் முதல் படியைத்தான் எல்லாரும் கவனிக்கத் தவறுகிறார்கள். பேரி பிழைக்க வேண்டுமானால் சாக்கடை தடையின்றி வர வேண்டும். அந்தச் சாக்கடையைக் கட்டுப்படுத்துவது வாய்க்காலின் மதகுகள், முக்கியமாக பாந்தலா மதகு. மதகை இறக்கி வாய்க்காலில் நீர் மட்டத்தை உயர்த்தினால்தான் பேரிகளுக்குள் நீர் தானாகப் பாயும். ஆனால் மட்டம் உயர்ந்தால் மழைக்காலத்தில் நகரத்தின் நீர் சீக்கிரம் வடியாது. நகரத்துக்கு மதகு திறந்திருக்க வேண்டும்; மீனவருக்கு மூடியிருக்க வேண்டும். மாநகராட்சி, நீர்ப்பாசனத் துறை, மீன்வளத் துறை, ஆணையம் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். இழுபறியில் தோற்பது பெரும்பாலும் பேரிதான்.

சட்டத்தின் குறையும் இதுவே. நிலத்தின் தன்மையை மாற்றாதே என்று அது சொல்கிறது. அந்தத் தன்மை நிலைக்கத் தேவையான நீரைக் கொடு என்று யாரையும் அது வற்புறுத்துவதில்லை. மீன் தொழில் நொடித்துப்போன பேரியில் வெறும் அறிவிப்புப் பலகை என்ன செய்யும்?

இவ்வளவுக்கும் மேல் அரசின் தடுமாற்றம் வேறு. 2017ல் சட்டம் திருத்தப்பட்டு ஆணையத்தின் தலைமை, தலைமைச் செயலாளரிடமிருந்து சுற்றுச்சூழல் அமைச்சருக்கு மாறியது. காவல் காக்கும் பொறுப்பு அதிகாரியின் கையிலிருந்து அரசியல்வாதியின் கைக்குப் போகிறதே என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கவலைப்பட்டார்கள். பைபாஸ் சாலையையும் நியூ டவுனையும் இணைக்கச் சதுப்பு நிலத்தின் மேலாக மேம்பாலம் கட்டும் யோசனையும் அந்த ஆண்டுகளில் கிளம்பி எதிர்ப்பைச் சந்தித்தது. தூண் நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது அல்ல பிரச்னை. பைபாஸ் கற்றுத் தந்த பாடம்தான் பயத்துக்குக் காரணம். சாலை முன்னே போனால் மனை பின்னே வரும்.

மறுபக்கம்

இந்த விவகாரத்தில் நியாயம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. எல்லைக்குள் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு ஒரு குறை உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனால் ஓர் அறை கூடுதலாகக் கட்டுவதற்கும் அவர்கள் பயப்பட வேண்டியிருக்கிறது. அதே ஊரில் செல்வாக்குள்ளவர் கிடங்கு கட்டினால் யாரும் கேட்பதில்லை. பேரிகளில் பெரும்பாலானவை தனியார் கையில் இருக்கின்றன. சில கூட்டுறவுச் சங்கங்களாக, தொழிலாளர்களே நடத்துகிறார்கள். தனியார் பேரியில் கூலிக்கு வலை இழுப்பவருக்கு முதலாளி விற்றுவிட்டால் அடுத்த நாள் வேலை இல்லை. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலரும் சேற்றில் இறங்குவதைவிட பைபாஸ் ஓரக் கடைகளில் காவலாளி வேலையே மேல் என்று நினைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

உணவின் தூய்மை பற்றியும் கேள்வி உண்டு. வீட்டுச் சாக்கடையைப் பேரி சமாளித்துவிடும். ஆனால் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியத்தை வெயில் எரித்துவிடாது. டாங்ரா, டில்ஜலா, டாப்சியா பகுதிகளிலிருந்த தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்ற வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாற்று இடமாகக் கிடைத்தது, சதுப்பு நிலத்தை ஒட்டிய பாந்தலா! மீனிலும் காய்கறியிலும் உலோகம் சேர்கிறதா என்று தொடர்ந்து பரிசோதித்து முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைக் கழிவு வீட்டுச் சாக்கடையோடு கலக்காமல் தடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், பேரி மீன் விஷம் என்ற வதந்தி ஒன்றே போதும், புரமோட்டர் வேலை சுலபமாகிவிடும்.

பள்ளிக்கரணை சொல்லும் பாடம்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அரை நூற்றாண்டுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. பெருங்குடியில் நகரின் குப்பையைக் கொட்டினார்கள். சாலை போட்டார்கள். சாலையைத் தொடர்ந்து கணினி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும் வந்தன. எஞ்சியதில் ஒரு பகுதி 2007ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022ல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குப் பிறகும் எல்லை எது என்ற சண்டை ஓயவில்லை. பெரும்பாக்கத்தில் பெரிய குடியிருப்புத் திட்டம் ஒன்றின் கட்டுமானத்துக்கு 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க வேண்டி வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னையின் புதிய குடியிருப்புகள் எப்படி மிதந்தன என்பதை அங்கே வீடு வாங்கியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு நிலங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பள்ளிக்கரணை நகரத்தின் கண்ணில் நெடுங்காலம் வெறும் தரிசாக, கழிவு கொட்டும் இடமாகவே இருந்தது. அதை நம்பி ஏலம் போட்டு விற்கும் சந்தையும் சங்கமும் இல்லை. கொல்கத்தாவிலோ காலையில் மதகு திறக்கவில்லை என்றால் கேள்வி கேட்க ஆயிரக்கணக்கான மீனவர்கள் இருக்கிறார்கள். கிழக்குக் கொல்கத்தாவில் இவ்வளவு நிலம் மிஞ்சியிருப்பதற்குச் சட்டத்தைவிட அவர்களே பெரிய காரணம். வேலியும் காவலரும் வைத்து 125 சதுர கிலோமீட்டரைக் காக்க எந்த அரசாலும் முடியாது. தினமும் அதில் இறங்கி வேலை செய்பவர்களால் முடியும்.

மழை எழுதும் கணக்கு

பேரிகளை இழந்தால் என்ன ஆகும் என்பதைக் கணிக்க ஜோசியர் தேவையில்லை. 2025 செப்டம்பர் 23 அதிகாலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கொல்கத்தாவில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. துர்கா பூஜைக்குப் பந்தல்கள் தயாராகிக்கொண்டிருந்த வேளை. தெருக்கள் ஆறாயின. குறைந்தது 10 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து. அப்படிப்பட்ட மழைக்கு எந்த ஊரும் திணறத்தான் செய்யும். ஆனால் அந்த நீர் போய்ச் சேர வேண்டிய திசை கிழக்கு. அங்கே பள்ளமாக இருக்கும் வரைதான் நகரத்தின் நீருக்குப் போக்கிடம். பள்ளத்தை நிரப்பி மேடாக்கி வீடு கட்டினால் தண்ணீர் வந்த வழியே திரும்பும்.

கழிவுநீர்க் கணக்கு இன்னொன்று. நாளொன்றுக்கு 60 கோடி லிட்டருக்கு மேல் கிழக்கே பாய்கிறது. பேரிகள் இல்லாவிட்டால் இதைச் சுத்தம் செய்ய நிலையங்கள் கட்ட வேண்டும், மின்சாரம் கொடுக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும். அந்தச் செலவு வரியாக வீட்டு வாசலுக்கு வரும். சுத்தம் செய்யாமல் விட்டால் குல்டி ஆறு வழியாகச் சுந்தரவனத்து முகத்துவாரங்களுக்குப் போகும். இப்போது இந்த வேலைக்குக் கொல்கத்தா யாருக்கும் கூலி கொடுப்பதில்லை. மீன் விற்ற காசில் மீனவர்களே ஊரின் சாக்கடையைச் சுத்தம் செய்கிறார்கள்.

அந்தக் கூலியைக் கொடுக்க ஆரம்பிப்பதுதான் நிலத்தைக் காக்கும் வழி. வாய்க்கால்களையும் பேரிகளையும் முறையாகத் தூர்வாரும் செலவை, சுத்திகரிப்பு நிலையத்தின் பராமரிப்புச் செலவைப் போல மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்க்கலாம். பாந்தலா மதகை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று முடிவு செய்யும் இடத்தில் மீனவர் சங்கங்களையும் உட்கார வைக்கலாம். வலை இழுப்பவருக்கு நிலையான வேலைக்கு உத்தரவாதம் தரலாம். உள்ளே வாழும் குடும்பம் ஓர் அறை கட்ட நேர்மையான விதிமுறையும், வெளியிலிருந்து வந்து கிடங்கு கட்டுபவருக்கு உடனடி இடிப்பும் என்று பிரித்துப் பார்க்கலாம். சால்ட் லேக் தூர்க்கப்பட்ட காலத்தில் நகரத்துக்குத் தான் எதை இழக்கிறோம் என்று தெரியாது. இன்று தெரியும். பேரியில் மீன் வளரும் வரை அங்கே மனை விழாது. மீன் நின்றுபோன பிறகு சட்டப் புத்தகத்தை விரிப்பதில் பயன் இருக்காது.